நோமாட்ஸ் என்று டைப் அடித்தவள்

எண்பதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். மாடியில் ஒரே அறை, ஏழு மிஷின். அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். காலையும் சாயங்காலமும் பிள்ளைகள் வந்து தட்டுவார்கள். மத்தியானம் மனு எழுத வருகிறவர்களுக்கு எழுதி டைப் அடித்துக் கொடுப்பேன். கல்யாணம் ஆகாத இருபத்தாறு வயதுப் பெண் மாடியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறாள் என்று எங்கள் சொந்தபந்தத்தில் முனகல் இருந்தது. முனகட்டுமே! எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபமும், தலைக்கு மேல் இங்கிலீஷும் ஏறிக் கிடந்தன.

மனு இங்கிலீஷில்தான் வேண்டும் என்று வருகிறவர்களே கேட்பார்கள். தமிழில் எழுதினால் கிளார்க்கோடு நின்றுவிடும், இங்கிலீஷில் இருந்தால்தான் ஆபீசர் மேஜைக்குப் போகும் என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை. அது நிஜம்தானா என்று நான் ஆராயப் போகவில்லை. எனக்கு அதில் பிழைப்பும் இருந்தது, பெருமையும் இருந்தது.

மனு என்றாலே கூட்டமாகத்தான் வருவார்கள். பத்துப் பேர், இருபது பேர். அவர்களை இங்கிலீஷில் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் என் முதல் வேலை. அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். பழைய மனுக்களிலிருந்தும் பேப்பரிலிருந்தும் பொறுக்கிய வார்த்தைகள். நெசவுக்காரர்கள் வந்தால் வெறும் 'ஹேண்ட்லூம் வீவர்ஸ்' போதாது, முன்னால் ஒரு 'ஸ்டார்விங்' வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு வருகிற பெண்களுக்கு 'சஃபரிங் லேடீஸ்'. யாருக்கு வேண்டுமானாலும் மாட்டிவிடத் தோதாக ஒன்று உண்டு, 'டவுன்ட்ராடன்', அதாவது மிதிபட்டவர்கள். அந்த வார்த்தையின் மேல் எனக்குத் தனிப் பிரியம். அதை அடித்து முடித்தால் அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகத் தோன்றும்.

என் அப்பாவுக்குப் பாளையம்பட்டியில் கடை. அவரும் பக்கத்துக் கடைக்காரர்களும் ஒரு தடவை டவுன் பஸ் நிற்க வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். அவர்களுக்கு நான் போட்டது 'ரெஸ்பெக்டபிள் மெர்ச்சன்ட்ஸ்'. பட்டினி, துயரம் எதையும் அவர்கள் பக்கத்தில் நான் அண்டவிடவில்லை. ஏன் அப்படி என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஒரு மார்கழி மத்தியானம் பதினாலு பேர் படியேறி வந்தார்கள். அறை கொள்ளாமல் பாதிப் பேர் படியிலேயே நின்றார்கள். நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஆட்டுக்கிடை போடுகிறவர்கள். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி செம்மறிகளை அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்கு வயல்காரர் நெல் கொடுப்பார். தை அறுவடைக்குப் பிறகு மந்தையை ஓட்டிக்கொண்டு மானாமதுரைப் பக்கம் போய், அங்கிருந்து வயல் வயலாகக் கிழக்கே நகர்ந்து, புரட்டாசி மழைக்கு முன்னால் ஊர் திரும்புவார்கள்.

ஆண்கள் பின்னால் நிற்க, பேசியது ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும். தோளில் துண்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், தையில போனா புரட்டாசியிலதான் வாரோம். வீட்டைப் பூட்டிப்போட்டுத்தான் போறோம். அம்புட்டு மாசமும் ரேசன்ல அரிசி, சீனி ஒண்ணும் வாங்க முடியல. வாங்காமலே கெடந்தாக் கார்டு செத்துப்போகும்னு கடைக்காரரு மிரட்டுறாரு. நாங்க இருக்கிற எடத்துல வாங்கிக்கிறதுக்கு ஒரு சீட்டுக் குடுத்தாப் போதும். பதினாலு கார்டு இருக்கு. அதைத்தான் எழுதணும்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. அப்படியே இங்கிலீஷில் போட்டிருந்தால் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் எனக்குத்தான் அவர்களைப் பார்த்ததுமே மனசு இளகிவிட்டதே! வெடித்த பாதங்கள். வெயிலில் கறுத்த முகங்கள். மாதக்கணக்கில் வெட்டவெளியில் படுக்கிறார்களா, ஐயோ பாவம் என்று நினைத்தேன். அத்தனை வினையும் அந்த ஐயோ பாவத்தில்தான் ஆரம்பித்தது.

பேப்பரைச் சொருகிவிட்டு யோசித்தேன். இவர்களை என்னவென்று சொல்வது? 'ஷெப்பர்ட்ஸ்' என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. 'ஷீப் ஓனர்ஸ்' என்று எழுதினேன். அது வசதியானவர்கள் மாதிரி தொனித்தது. மந்தை வைத்திருக்கிறவனுக்கு ரேஷன் அரிசி எதற்கு என்று ஆபீசர் கேட்டுவிட்டால்? அதையும் கோடு போட்டு அடித்துவிட்டு அகராதியைப் புரட்டினேன். 'நோமாட்ஸ்' கிடைத்தது. ஆகா! நாடோடிகள். முன்னால் ஒரு 'புவர்' சேர்த்தேன். அத்தோடாவது நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 'விதௌட் ஹவுஸ் ஆர் ஹோம்' என்று ஒன்றைக் கோத்தேன். வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராக அலைகிற ஏழை நாடோடிகள். கல் நெஞ்சும் கரைந்துவிடும். எனக்கே கண் கலங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பூட்டிப்போட்டுப் போகிறோம் என்று அந்தம்மா சொன்னது என் காதில் விழாமல் இல்லை. நன்றாகவே விழுந்தது. வாக்கியம் அழகாக வந்து கொண்டிருந்தபோது நடுவில் பூட்டும் சாவியும் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கைநாட்டு வைக்கிறவர்களின் மனுவில் கடைசியாக ஒரு வரி இருக்கும். மேலே கண்டது எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, சரி என்று ஒப்புக்கொள்கிறோம் என்று. அதையும் அடித்தேன். படித்துக் காட்டவில்லை. மை ஒற்றிய பெருவிரலைத் தலையில் துடைத்துக்கொண்டே அந்தம்மா கேட்டார்.

"என்னன்னு எழுதியிருக்கீக, டீச்சர்?"

"பிரமாதமா எழுதியிருக்கேன்க்கா. படிச்சதும் ஆபீசர் மனசு இரங்கிருவாரு பாருங்க."

"நல்லா இருப்பீக தாயி," என்றார். பதினாலு பேரும் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். அன்று சாயங்காலம் பிள்ளைகளிடம் நான் சிடுசிடுக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

பங்குனியில் அந்தம்மா மட்டும் தனியாக வந்தார். வெயிலில் மூச்சு வாங்கியது. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஊர்ச் சாவடியில் ஒட்டியிருந்ததாம். சொந்தக்காரப் பையன் அதைக் கிழித்துக்கொண்டு, மானாமதுரையைத் தாண்டிக் கிடை போட்டிருந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தானாம். மந்தையைப் புருஷன் பொறுப்பில் விட்டுவிட்டு மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்.

"சீட்டுக் குடுத்துட்டாகளா டீச்சர்?"

இங்கிலீஷில் இருந்த நோட்டீஸ். மனுதாரர்கள் தங்கள் மனுவில் தாங்களே ஒப்புக்கொண்டபடி வீடற்ற நாடோடிகள். ஆகவே அந்தக் கிராமத்து விலாசத்தில் அவர்கள் வைத்திருக்கும் பதினாலு கார்டும் பொய்யாகப் பெற்றவை. அவற்றை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாளில் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும். நாடோடிகள் என்ற இடத்தில் இருந்தது என் வார்த்தை. அதே 'நோமாட்ஸ்'. மேற்கோள் குறிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

ஆபீசரைச் சொல்லிக் குற்றமில்லை. வீடே இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்களிடம் வீட்டு விலாசம் போட்ட கார்டு இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். போலிக் கார்டுகளைப் பிடிக்கச் சொல்லி மேலேயிருந்து நெருக்கிக்கொண்டிருந்த சமயம் வேறு.

"என்ன டீச்சர் போட்டிருக்கு?"

"கார்டை ரத்து பண்ணப் போறாங்களாம்க்கா. உங்களுக்கு வீடு இல்லைன்னு நெனச்சிட்டாங்க."

"வீடு இல்லையா? எவன் சொன்னான்?"

"ஆபீஸ்ல யாரோ தப்பா எழுதிட்டாங்க போல."

யாரோ! எவ்வளவு சுலபமாக வந்தது என் வாயில்! அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருப்பார், மிஞ்சிப்போனால் ஊர் பூராவும் சொல்லியிருப்பார். டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நாலு பேர் பேசுவார்களே என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வெட்கம் கெட்டவள்.

அந்தம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அரிசி சீனி போனாப் போகுது டீச்சர். கார்டு போச்சுன்னா நாங்க எதைக் காட்டுறது? கெழக்க போற எடத்துல எவன் வீட்டு ஆடு காணாமப்போனாலும் மொத ஆளா எங்களைத்தான் ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போவாக. போன வருசம் எம் புருசனை ஒரு பகல் பூராம் நிக்க வச்சுட்டாக. அப்ப கார்டை எடுத்துத்தான் நீட்டுனேன். இந்தா பாருங்கய்யா, இன்ன ஊரு, இன்ன வீடு, நாங்க திக்கத்தவுக இல்லன்னு. அதைப் பார்த்துட்டுத்தான் விட்டாக. ஒறை போட்டு மடியிலயே வச்சிருக்கேன்."

எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது கார்டு. எங்கள் வீட்டுக் கார்டு எண்ணெய்ப் பிசுக்கோடு அடுப்படி ஆணியில் தொங்கும். அது தொலைந்தால் அம்மா அரை நாள் புலம்புவாள், அவ்வளவுதான். இவர்களுக்கு அதுதான் ஊர், அதுதான் வீடு, அதுதான் மானம். நான் அதில் போய்க் கை வைத்திருக்கிறேன்.

பதில் மனு எழுத உட்கார்ந்தோம். இந்தத் தடவை நோட்டைத் திறக்கவில்லை. "நீங்களே சொல்லுங்கக்கா, உங்களை யாருன்னு போட?" என்றேன்.

"யாருன்னா? ஊர்க்காரவுகன்னு போடுங்க."

"கொஞ்சம் விவரமா."

"ஓட்டு வீடு. எங்க மாமனாரு கட்டுனது. வீட்டுத் தீர்வை ரசீது இருக்கு. ஓட்டு லிஸ்ட்ல பேரு இருக்கு. பெரியவ எங்க கொழுந்தன் வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் போறா. எங்ககிட்ட ஆடு இருக்கு, அதை ஓட்டிட்டு வேலைக்குப் போறோம், வேலை முடிஞ்சா வீட்டுக்கு வாரோம். இதுல என்ன டீச்சர் இருக்கு?"

'பெர்மனென்ட் ரெசிடென்ட்ஸ்' என்று அடித்தேன். ஊர்ப் பெயரைப் போட்டேன். சொந்த வீடும் ஆடுகளும் உள்ளவர்கள், வருஷத்தில் சில மாதம் வெளியூரில் வேலைக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டினேன். பழக்கதோஷத்தில் 'புவர்' என்று ஒன்று முன்னால் விழுந்திருந்தது. அதையும் சொன்னேன்.

"ஏழைகன்னா போட்டிருக்கீக?"

"போட்டாத்தானே ஆபீசருக்கு இரக்கம் வரும்."

"எனக்கு நூறு உருப்படி ஆடு இருக்கு டீச்சர். நான் எதுக்கு ஏழைன்னு சொல்லணும்? கார்டு எங்களுது. இரக்கப்பட்டா குடுத்தாக? அதை எடுத்துருங்க." நான் அதை நீக்கியதும், "மொத எழுதுனதுலயும் இப்படித்தான் போட்டீகளா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் மாமூலா எழுதுறதுதான்க்கா," என்று சொல்லிவிட்டு மிஷினின் ரிப்பனைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

விசாரணை அன்று தாலுகா ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். மனசாட்சி உறுத்தியதால் மட்டும் இல்லை. ஆபீசர் ஏதாவது எடக்குமடக்காகச் சொல்லிவிட்டால் அதை நான் முந்திக்கொண்டு சமாளிக்க வேண்டுமே என்ற பயமும்தான். மற்ற பதிமூன்று பேரும் ஆளுக்கொரு மந்தையோடு கிழக்கே இருந்தார்கள். அவர்களுடைய தீர்வை ரசீதுகளையும் சேர்த்து ஒரு மஞ்சள் பையில் போட்டு அந்தம்மா கொண்டு வந்திருந்தார்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. பொறுமையாக உட்காரச் சொன்னார். புது மனுவைப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஃபைலிலிருந்து பழைய மனுவை உருவித் தூக்கிக் காட்டினார். பதினாலு கைநாட்டும் ஊதா நிறத்தில் வரிசையாகத் தெரிந்தன.

"இதுவும் நீங்க கொடுத்ததுதானேம்மா?"

"ஆமாய்யா."

"இதுல, எங்களுக்கு வீடு வாசல் கெடையாது, நாங்க நாடோடிங்கன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. படிச்சுக் காட்டினாங்க, சரின்னு ஒத்துக்கிட்டோம்னு கீழே கைநாட்டும் வெச்சிருக்கீங்க. இப்ப வந்து சொந்த வீடுன்றீங்க. நான் எதை நம்புறது?"

சமாளிப்பதற்காகப் போன நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அந்தம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. மறுபடி ஆபீசர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயாவுக்குச் சொந்த ஊரு எது?"

ஆபீசர் திகைத்தார். "வேலூர் பக்கம். ஏன்?"

"சம்சாரம், பிள்ளைக?"

"அங்கதான் இருக்காங்க. நான் இங்க ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன்."

"இதுக்கு முன்னாடி எந்த ஊருல வேலை?"

"தர்மபுரி. அதுக்கு முன்னாடி திண்டிவனம்." அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"வேலை இருக்கிற எடத்துக்கெல்லாம் போறீக, வாரீக. உங்க கார்டு ஊர்லதானே இருக்கு? அதை யாரும் பொய்க் கார்டுன்னு சொல்லலையேய்யா? எங்க பொழப்பும் அதுதான். உங்களுக்கு ஆபீசு, எங்களுக்கு ஆடு."

ஓரத்து மேஜையில் இருந்த கிளார்க் குபீரென்று சிரித்துவிட்டார். ஆபீசர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேஜையில் வைத்தார். மஞ்சள் பையிலிருந்த ரசீதுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, பெயர்களை ஃபைலோடு ஒத்துப் பார்த்தார். அரை மணி நேரம் ஆனது. அந்தம்மாவின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கார்டு இருக்கும்மா. பதினாலும் இருக்கும். வெளியூர்ல அரிசி வாங்குறதுக்கு ரூல் கெடையாது, அதை என்னால செய்ய முடியாது."

"கார்டு இருந்தாப் போதும்யா," என்று கும்பிட்டார். வெளியே வந்து மரத்தடியில் நின்று முகத்தைத் துண்டால் அழுந்தத் துடைத்தார். அழுதாரா, வியர்வையா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். வழியெல்லாம் மந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஒரு ஆடு சினையாக இருக்கிறதாம், தான் போய்ச் சேருவதற்குள் ஈன்றுவிடுமோ என்று கவலை. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மானாமதுரை பஸ்ஸுக்கு நின்றபோது அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, வீடு இல்லைன்னு எழுதுனது ஆபீஸ்ல யாரும் இல்லை. நான்தான்."

"தெரியும் டீச்சர்."

"எப்பத் தெரியும்?"

"அவரு காகிதத்தைத் தூக்கிக் காட்டுனாருல்ல, அப்ப."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா. நாங்க சொல்லலை, இந்த டீச்சர்தான் எழுதுனாங்கன்னு என்னையக் கை காட்டியிருக்கலாமே?"

"காட்டி?" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "அதுல இருக்கிறது பூராம் எங்க கைநாட்டு. உங்க பேரு எங்கனயும் இல்லையே. எங்களை யாரு நம்புவா?"

பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. இடம் பிடிக்க அவர் ஓடிப்போய் ஏறினார். உள்ளேயிருந்து கையை ஆட்டி, "வாரேன் டீச்சர்," என்றார். நானும் கையை ஆட்டினேன். அவரிடம் நான் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை என்பது பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.